ஜெஃப் மில்ஸ் ஒரு டிரம்மர்

2004-இல் வந்த 'எக்ஸிபிஷனிஸ்ட்' டிவிடியில் கூட்டம் கிடையாது. லேசர் விளக்கு, புகை, கையை உயர்த்திக் குதிக்கும் ஆட்கள் எதுவும் கிடையாது. ஒரு ஸ்டுடியோ, டர்ன்டேபிள்கள், மிக்ஸர், ரோலண்ட் கம்பெனியின் டி.ஆர்-909 டிரம் மெஷின், இவற்றுக்கு முன்னால் ஒல்லியான ஒரு மனிதர், அமெரிக்க டி.ஜே. ஜெஃப் மில்ஸ். அவ்வளவுதான் மொத்தக் காட்சியும். பல கோணங்களில் கேமரா வைத்து அவர் கை என்ன செய்கிறது என்று காட்டுகிறார்கள்.

அந்தக் கை சும்மா இருப்பதே இல்லை. ஓர் இசைத்தட்டை வைக்கிறார், ஹெட்ஃபோனை ஒரு காதில் இடுக்கிக்கொள்கிறார், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் வேகத்துக்குப் புதுத் தட்டை இழுத்துக் கொண்டுவருகிறார், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைத் தள்ளுகிறார். இரண்டும் கலந்து ஓடத் தொடங்கியதுமே மூன்றாவது டர்ன்டேபிளுக்குப் போய்விடுகிறார். மற்ற டி.ஜே.க்கள் ஒரு பாட்டை ஐந்தாறு நிமிடம் ஓடவிட்டு மூச்சு வாங்குவார்கள். இவருக்கு ஒரு நிமிடமே அதிகம். நடுவில் பாட்டுகளை மொத்தமாக நிறுத்திவிட்டு, 909-இன் பொத்தான்களை மட்டும் வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்குகிறார். கச்சேரியில் பாடகர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட, மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் எடுத்துக்கொள்வதைப் போலத்தான் இருக்கிறது அது.

டி.ஜே. என்றால் பட்டனைத் தட்டிவிட்டு ஆடுகிறவர்தானே என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. இந்த வீடியோவை அனுப்பிவிடுவேன்.

ஜெஃப் மில்ஸைப் பற்றி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே ஏணியை வரைகின்றன. டெட்ராய்ட் வானொலியில் ஆரம்பித்தார், கிளப்புக்கு வந்தார், உலகம் சுற்றினார், ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசித்தார், பிரெஞ்சு அரசு விருது கொடுத்தது. கீழ்ப்படியில் நடனம், மேல்படியில் வயலின். இந்த ஏணியில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாற்பது வருடமாக அந்த மனிதர் ஒரே வேலையைத்தான் செய்கிறார், அது டிரம்ஸ் வாசிப்பது என்பது என் கட்சி. எங்கெல்லாம் அது நடக்கிறதோ அங்கெல்லாம் அவர் அசாத்தியம். நடக்காத இடத்தில் எவ்வளவு பெரிய மேடையாக இருந்தாலும் சுமார்தான்.

மில்ஸ் 1963-இல் டெட்ராய்டில் பிறந்தவர். பள்ளி நாட்களிலேயே டிரம்ஸ் வாசித்தவர். அவர் வளர்ந்த காலத்தில் அந்த ஊர் காலியாகிக்கொண்டிருந்தது. 1950-இல் 18 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த கார் நகரம், 1990-இல் 10 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. 1967 கலவரம், வெள்ளையர் புறநகருக்குப் போனது, ஆலைகள் ஆளைக் குறைத்தது என்று பல காரணம். அந்த ஊரில் மக்களைச் சேர்த்து வைத்திருந்த பொது இடங்களில் ஒன்று வானொலி. 'எலக்ட்ரிஃபையிங் மோஜோ' என்ற அறிவிப்பாளர் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவையும் பாடகர் பிரின்ஸையும் பார்லிமெண்ட் என்ற ஃபங்க் குழுவையும் ஒரே ராத்திரியில் போடுவார். கறுப்பர் நிலையம், வெள்ளையர் நிலையம் என்று பிரிந்து கிடந்த அமெரிக்க வானொலியில் இது சாதாரண விஷயமில்லை. மெஷின்களை வைத்துச் செய்யும் நடன இசையான டெட்ராய்ட் டெக்னோவின் முதல் தலைமுறையான ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் அந்த நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

மோஜோவுக்குப் போட்டியாக இன்னொரு நிலையம் களமிறக்கிய பையன்தான் மில்ஸ். பெயர் 'த விஸார்ட்', மந்திரவாதி. முதலில் டபிள்யூ.டி.ஆர்.க்யூ., பிறகு டபிள்யூ.ஜே.எல்.பி. நிலையம். வானொலியில் வேலை, ஆனால் பேசமாட்டார். கை மட்டும்தான். ஹிப்ஹாப், எலக்ட்ரோ, புதிதாக வந்த எதுவானாலும் எடுத்து, வெட்டி, கீறி, ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி விடுவார். அந்தக் காலத்து ஒலிப்பதிவுகள் சில இணையத்தில் கிடைக்கின்றன. கேட்டால் அசந்துபோவீர்கள், ஒரு பாட்டின் நாலு அடியை எடுத்து இரண்டு தட்டுகளில் மாற்றி மாற்றி அடித்து வேறொரு பாட்டாகவே ஆக்கிவிடுகிறார். பின்னாளில் எல்லோரும் வியந்த வேகம் இங்கேயே முழுசாக இருக்கிறது. போட்டி நிலையத்துக்கு ஆள் போய்விடக் கூடாது என்றால் ஒரு பாட்டு அலுக்கும் முன்பே அடுத்தது வந்தாக வேண்டும். அவர் பாணிக்குப் பின்னால் தத்துவம் தேடுகிறவர்கள் இந்தச் சாதாரணக் காரணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

1989-ஐ ஒட்டி, 'மேட்' மைக் பேங்க்ஸ் என்ற இசைக்கலைஞரோடு சேர்ந்து 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' தொடங்கினார். கொஞ்ச நாளில் ராபர்ட் ஹுட் என்ற இன்னொரு கலைஞரும் சேர்ந்தார். இசைக்குழுவும் தட்டு வெளியிடும் லேபிளும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு அது. முகத்தைக் காட்டமாட்டார்கள், பெரிய கம்பெனிகளிடம் போகமாட்டார்கள், பேச்சும் தோற்றமும் ஒரு ராணுவப் பிரிவு மாதிரி இருக்கும். கறுப்பர் இசையை அடிமாட்டு விலைக்கு வாங்கி லாபம் பார்த்த அமெரிக்க இசைத்தொழிலின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்தக் கோபம் புரியும்.

மில்ஸ் அங்கே நீண்ட நாள் இருக்கவில்லை. 1990-களின் தொடக்கத்திலேயே நியூயார்க்கின் லைம்லைட் கிளப்பில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டார். ஆனால் அங்கே கற்ற ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு போனார்: இசை நம் பெயரில், நம் லேபிளில் இருக்க வேண்டும். 1992-இல் 'ஆக்ஸிஸ்' லேபிளைத் தொடங்கினார். இன்றைக்கும் அவர் கையில்தான் இருக்கிறது. டி.ஜே. வாழ்க்கையில் காசு பெரும்பாலும் ராத்திரி வாசிக்கும் சம்பளத்தில் வரும். தட்டு விற்று பங்களா கட்டியவர்கள் குறைவு. அப்படியிருக்க லேபிள் எதற்கு என்று கேட்கலாம். யாரிடமும் அனுமதி கேட்காமல் விற்காத தட்டையும் போடலாம், அதற்குத்தான். இந்த விஷயம் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ராபர்ட் ஹுட்டின் 'மினிமல் நேஷன்' 1994-இல் ஆக்ஸிஸில்தான் வந்தது. மிகக் குறைந்த ஒலிகளை வைத்துச் செய்வதை இன்று மினிமல் டெக்னோ என்கிறோமே, அதன் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று அது. பெரிய கம்பெனிக்காரர் யாராவது கேட்டிருந்தால், 'மீதிப் பாட்டு எங்கே' என்று கேட்டிருப்பார்.

பெர்லின் கதை பலரும் சொன்னதுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவர் இடிந்த பிறகு கிழக்கு பெர்லினில் சொந்தக்காரர் யாரென்றே தெரியாத கட்டடங்கள் ஏராளம். பழைய வெர்ட்ஹைம் டிபார்ட்மெண்ட் ஸ்டோரின் நிலவறைப் பெட்டகத்தில் 1991 மார்ச்சில் 'ட்ரெஸர்' கிளப் திறந்தது. துருப்பிடித்த லாக்கர்கள், இரும்புக் கம்பிகள், தாழ்ந்த கூரை. அந்த கிளப்பின் லேபிள் வெளியிட்ட முதல் தட்டே பேங்க்ஸ், மில்ஸ், ஹுட் சேர்ந்து எக்ஸ்-101 என்ற பெயரில் செய்தது. மில்ஸின் 'வேவ்ஃபார்ம் ட்ரான்ஸ்மிஷன்' முதல் தொகுதியும் 1992-இல் அங்கேதான் வந்தது. டெட்ராய்டில் ஆளில்லாமல் போன கட்டடங்கள், பெர்லினில் ஆள் வராத கட்டடங்கள். இரண்டையும் இந்த இசை இணைத்தது என்று அழகாக எழுதுகிறார்கள். நிஜம்தான். ஆனால் 2024-இல் பெர்லின் டெக்னோ கலாச்சாரம் ஜெர்மனியின் மரபுரிமைப் பட்டியலில் ஏறியபோது, டெட்ராய்டைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு அந்தச் செய்தியில் மகிழ்ச்சி பாதி, எரிச்சல் பாதி.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி.

டெட்ராய்டில் ரான் மர்ஃபி என்றொருவர் இருந்தார். 'நேஷனல் சவுண்ட் கார்ப்பரேஷன்' என்ற பெயரில் தட்டு வெட்டும் கடை வைத்திருந்தவர். அதாவது, டேப்பில் இருக்கும் இசையை முதன்முதலில் அரக்குத் தட்டில் கோடாக இழைப்பவர். அந்த ஊர் டெக்னோ தட்டுகளில் பல அவர் இழைப்பு இயந்திரத்தில் பிறந்தவை. சாதாரணத் தட்டில் கோடு வெளியிலிருந்து உள்ளே சுருளாகப் போகும்; ஊசியும் அதோடு நகரும். மர்ஃபியும் மில்ஸும் சேர்ந்து அந்தச் சுருளை அறுத்தார்கள். கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்தால் ஊசி அங்கேயே மாட்டிக்கொண்டு சுற்றும். யாராவது வந்து தூக்கும் வரை அதே ஒலி. 1994-இல் வந்த 'சைக்கிள் 30' தட்டின் ஒரு பக்கம் இப்படிப்பட்ட மூடிய வட்டங்களால் ஆனது. 1992-இல் எக்ஸ்-102 பெயரில் சனிக் கோளின் வளையங்களைப் பற்றி ஒரு தட்டு செய்தபோதும், தட்டின் மேல் கோடுகளுக்கு இடையே விழும் இடைவெளிகளை அந்த வளையங்களைப் பார்த்தே அமைத்தார்கள்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். 33⅓ வேகத்தில் ஒரு தட்டு ஒரு சுற்று முடிக்க 1.8 விநாடி ஆகும். டெக்னோ நிமிடத்துக்கு 133 தாள அடி சுமாருக்குப் போகும் இசை. அந்த வேகத்தில் நான்கு அடி விழ எவ்வளவு நேரம்? அதே 1.8 விநாடி. 909-இன் முன்பக்கம் 16 பொத்தான்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றும் ஓர் அடியில் கால் பங்கு. விளக்கு முதல் பொத்தானிலிருந்து பதினாறாவது வரை ஓடி முடிக்க எடுக்கும் நேரமும் 1.8 விநாடி. தட்டின் ஒரு சுற்று, மெஷினின் ஒரு வரிசை, இசையின் ஓர் ஆவர்த்தம், மூன்றும் ஒரே அளவு. டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 டர்ன்டேபிளில் வேகத்தை 8 சதவீதம் கூட்டலாம், குறைக்கலாம். ஆக ஏறக்குறைய 123-இலிருந்து 144 வரை எங்கே வேண்டுமானாலும் இந்த வட்டம் ஒட்டும். டர்ன்டேபிளை வாத்தியம் என்று சொல்வது மிகை என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கலாம்.

இன்னொரு விஷயம், அந்த 909. 1983-இல் வந்தது, 1985-க்குள் தயாரிப்பு நின்றுவிட்டது. சுமார் 10,000-தான் செய்தார்கள். நிஜ டிரம்ஸ் மாதிரி இல்லை என்று அன்றைக்கு யாரும் பெரிதாக வாங்கவில்லை. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்ததால்தான் காசில்லாத டெட்ராய்ட், சிகாகோ பையன்கள் கைக்கு வந்தது. கிக் என்ற கனத்த கீழ்ச்சத்தம், ஸ்னேர் என்ற சுள்ளென்ற அடி எல்லாம் உள்ளே சர்க்யூட்டில் பிறக்கும் ஒலி. ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளமும் சிம்பலும் மட்டும் நிஜ டிரம்ஸிலிருந்து எடுத்து சிப்பில் அடைத்தவை. ஒவ்வொன்றுக்கும் தனியாக வால்யூம் திருகு உண்டு. பொதுவாக, ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேட்டர்ன் போட்டு, ப்ளே அமுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். மில்ஸ் அதை விரலால் வாசிக்கிறார். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொத்தான்களை ஏற்றுகிறார், இறக்குகிறார். ஹை-ஹாட்டைத் திடீரென்று எடுத்துவிட்டு, நாம் அது எங்கே போயிற்று என்று தேடத் தொடங்கும் நேரத்தில் திரும்பக் கொண்டுவருகிறார். சமமாக அடிப்பதற்கென்றே செய்த மெஷினில் எடுப்பும் விடுப்பும் கொண்டுவருவது கைப்பழக்கம் இல்லாதவருக்கு நடக்காது.

1995 அக்டோபரில் டோக்கியோ ஷின்ஜுகுவில் இருந்த லிக்விட் ரூம் கிளப்பில் அவர் வாசித்ததைப் பதிவு செய்து அடுத்த வருடம் சிடியாகப் போட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஓடும். அதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகள். சில இடங்களில் இரண்டு தட்டுகளின் அடி விலகித் தடதடக்கிறது, ஊசி தாவுகிறது, அவர் பிடித்து இழுத்துச் சேர்க்கிறார். அதையெல்லாம் வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். நல்ல வேளை. மென்பொருள் தானாகவே வேகத்தைச் சேர்த்துவிடும் இந்தக் காலத்தில் ஒரு கலவையில் ஆபத்தே இல்லை. இந்த சிடியில் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. டெரிக் மேயின் 'ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்' வரும் இடத்தில் கூட்டம் போடும் சத்தத்தைக் கேளுங்கள்.

பிறகு 'த பெல்ஸ்'. 1990-களின் பிற்பாதியில் அவருடைய இன்னொரு லேபிளான 'பர்பஸ் மேக்கர்' வெளியிட்டது. ஒரு மணியோசை, கீழே கிக், அவ்வளவுதான். டெக்னோ கேட்காதவர்களுக்கும் தெரிந்த டெக்னோ. அதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. ஒரு பாட்டு இவ்வளவு பெரிதாகிவிட்டால், எங்கே போனாலும் அதை வாசித்தே ஆக வேண்டும், வாசிக்காவிட்டால் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பது போலப் பார்ப்பார்கள். நம் ஊர்ப் பாடகர்களுக்கும் தெரிந்த தொல்லைதான்.

2000-இல் ஃபிரிட்ஸ் லாங்கின் 1927 மௌனப்படமான 'மெட்ரோபோலிஸு'க்குப் புதிதாக இசை போட்டார். 2005 ஜூலையில் தெற்கு பிரான்ஸில், ரோமானியர் கட்டிய போன் து கார் நீர்ப்பாலத்தின் அருகே மோன்பெலியே பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசித்தார். அது 'ப்ளூ பொட்டென்ஷியல்' என்று டிவிடியாக வந்தது. 2007-இல் பிரெஞ்சு அரசின் கலை இலக்கிய விருது, 2017-இல் அதற்கு மேல்நிலை. போர்ச்சுகல் ஆர்க்கெஸ்ட்ராவோடு கோள்களைப் பற்றிய 'ப்ளானட்ஸ்', லூவ்ர் அருங்காட்சியக அரங்கில் தொடர் நிகழ்ச்சி, ஜப்பானிய விண்வெளி வீரர் மாமோரு மோஹ்ரியோடு ஓர் ஆல்பம். பட்டியல் நீளம். விண்வெளி மேல் அவருக்கு இருக்கும் பைத்தியம் வேஷமில்லை, பையனாக இருந்த காலத்திலிருந்து வந்தது என்பது எல்லாப் பேட்டியிலும் தெரியும்.

ஆனாலும் 'ப்ளூ பொட்டென்ஷியல்' என்னை உட்காரவைக்கவில்லை. இடம் பிரமாதம், வயலின்கள் பிரமாதம், 'த பெல்ஸ்' வரும்போது மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் மில்ஸுக்கு அங்கே என்ன வேலை? எல்லாம் ஏற்கெனவே நோட்டில் எழுதியாகிவிட்டது. ஆர்க்கெஸ்ட்ராவுக்கேற்ப எழுதிக்கொடுத்தவர் தோமா ரூசெல். எண்பதாவது வரியில் ஹை-ஹாட் போகும் என்றால் போய்த்தான் ஆகும். இன்றைக்குக் கூட்டம் சூடாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் இழுக்கலாம் என்று எண்பத்தேழாவது வரிக்குத் தள்ள முடியாது. தள்ளினால் அத்தனை வாத்தியக்காரர்களும் தடுமாறுவார்கள். அந்த ஒரு முடிவை அந்தக் கணத்தில் எடுப்பதுதான் இவர் கலை. அதைப் பிடுங்கிக்கொண்டால், தாளம் தப்பாமல் பார்த்துக்கொள்ளும் ஒருவர்தான் மேடையில் மிச்சம். ஆர்க்கெஸ்ட்ரா வந்ததால் டெக்னோவுக்கு மரியாதை வந்தது என்பார்கள். மரியாதை வந்தது சரி, ஆனால் 909-க்கு அது முன்பே இருந்ததே.

என் கட்சிக்கு வலு சேர்க்கும் சாட்சி 2018-இல் வந்தது. டோனி ஆலன். நைஜீரிய டிரம்மர், ஃபெலா குட்டியோடு சேர்ந்து ஆஃப்ரோபீட் என்ற வகையையே உருவாக்கியவர். அப்போது எழுபது வயதைத் தாண்டியிருந்தார், பாரிஸில் வாழ்ந்தார். அவரும் மில்ஸும் சேர்ந்து 'டுமாரோ கம்ஸ் த ஹார்வெஸ்ட்' என்ற சின்ன ஆல்பம் செய்தார்கள். ஜாஸ் லேபிளான ப்ளூ நோட் வெளியிட்டது. இதில் மில்ஸ் டி.ஜே. இல்லை. 909-ஐ வைத்துக்கொண்டு இன்னொரு டிரம்மருக்கு எதிரே நிற்கும் டிரம்மர். ஆலனின் கை எப்போதும் அடியிலிருந்து நூலளவு தள்ளித்தான் விழும், அவசரமே இருக்காது. மெஷினோ மில்லிவிநாடி பிசகாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடுக்கில்தான் இசை நடக்கிறது. மெஷின் விறைப்பாக இருக்கிறது என்று மில்ஸ் அதை இளக்கப் பார்ப்பதில்லை. சில இடங்களில் அடியைக் குறைத்து ஒதுங்கி நின்று கிழவருக்கு இடம் விடுகிறார், சில இடங்களில் குறுக்கே விழுகிறார். கீபோர்டில் ஜான்-ஃபி தாரி இருவரையும் கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்.

2020 ஏப்ரலில் ஆலன் பாரிஸில் இறந்துபோனார். மில்ஸ் அந்தப் பெயரையே குழுவின் பெயராக வைத்துக்கொண்டு தொடர்ந்தார். ஆலனின் இடத்துக்கு இன்னொரு டிரம்ஸ்காரரைத் தேடவில்லை, தபலா வாசிக்கும் பிரபு எதுவாரைச் சேர்த்துக்கொண்டார். 2023-இல் 'எவல்யூஷன்' என்ற ஆல்பம் ஆக்ஸிஸில் வந்தது. தபலாவும் 909-ம் என்றதும் எனக்குப் பயம்தான் வந்தது. இந்தியத் தாளத்தைப் பின்னணியில் ஊதுபத்தி மாதிரி ஏற்றிவைக்கும் ஃப்யூஷன் ஆல்பங்கள் எத்தனை கேட்டாயிற்று. இது அப்படி இல்லை. தபலாவின் இடதுகை பாயாவில் சறுக்கும்போது மில்ஸ் கிக்கை எடுத்துவிடுகிறார். கீழ்ச்சத்தம் இரண்டும் மோதாது. இந்த மாதிரிச் சின்ன விட்டுக்கொடுத்தல், கேட்டு வாசிப்பவர்களிடம் மட்டுமே இருக்கும். எல்லாப் பாட்டும் எடுபடுகிறது என்று சொல்லமாட்டேன், சில இடங்களில் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அறுபது வயதில், 'த பெல்ஸை' மட்டும் வாசித்துக்கொண்டே காலம் தள்ளக்கூடிய ஒருவர் இதற்கு வருகிறார் என்பது எனக்குப் போதும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: முதலில் லிக்விட் ரூம் சிடி. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், கிக்கே வராது. நல்ல ஹெட்ஃபோனாவது வேண்டும். முதல் பத்து நிமிடம் இரைச்சலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 2015-இல் வந்த 'எக்ஸிபிஷனிஸ்ட் 2'-இல் 909-ஐ மட்டும் வைத்துக்கொண்டு வாசிக்கும் பகுதி. அதைக் கேட்பதைவிடப் பார்ப்பது நல்லது. மூன்றாவதாக டோனி ஆலன் ஆல்பம், அது விருந்தாளிகள் இருக்கும்போதுகூடப் போடலாம். ஆர்க்கெஸ்ட்ரா தட்டுகளை மெதுவாகக் கேட்டுக்கொள்ளலாம், அவசரம் ஒன்றும் இல்லை.